ஆழம் குறைந்த சிறு நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுவது: பருவம் பார்த்து மீன் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

சிறிய, ஆழம் குறைந்த நீர்த்தேக்கம் ஒரே வருடத்தில் நாலு வேஷம் போடும். மழை பெய்து வரத்து வந்தால் செந்நிறமாகப் புரளும். நிரம்பிய பிறகு கரை முட்ட நிற்கும். அப்புறம் தெளிந்து குளிரும். கோடையில் ஓரமெல்லாம் வெடித்து, நடுவில் கலங்கலாக ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். நாலு மாதத்துக்கு முன்னால் கெண்டை விடாமல் கொத்திய இடத்தில் இப்போது புல் முளைத்திருக்கும். அதனால் இங்கே தூண்டில் போடுகிறவர் கம்பையும் இரையையும் தேர்ந்தெடுக்கும் முன் தண்ணீரைப் படிக்க வேண்டும். மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு சூடு, எவ்வளவு கலங்கல், காற்று எந்தக் கரைக்கு அடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மீன் நிற்கும் இடத்தைப் பாதி கண்டுபிடித்த மாதிரிதான்.

கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. மழையை நம்பி நிரம்புகிற, நிறைந்திருக்கும்போதும் மூன்று நாலு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத வெப்பப் பகுதி ஏரிகள், கண்மாய்கள், சிறு தடுப்பணைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

தண்ணீர் நடந்துகொள்ளும் விதம்

ஆழமான அணைகளில் வெயில் காலத்தில் மேலே சூடான அடுக்கும் கீழே குளிர்ந்த அடுக்கும் மாதக்கணக்கில் பிரிந்தே நிற்கும். இரண்டு மூன்று மீட்டர் தண்ணீரில் அப்படி நிலைக்காது. ஒரு நல்ல காற்று அடித்தால் மேலும் கீழும் கலந்துவிடும். காற்றே இல்லாத மதியத்தில் மேல் தண்ணீர் சூடேறித் தனியாக மிதக்கும், இரவு குளிர்ந்ததும் மறுபடி கலக்கும். ஆகவே "வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போடு" என்ற பொதுவான அறிவுரை இங்கே பாதிதான் செல்லும். அசைவற்ற மதியத்தில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். அப்போது மீன் நடுத்தண்ணீரிலோ பாசி நிழலிலோதான் நிற்கும்.

ஆக்சிஜன் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு பல விஷயங்கள் தானாக விளங்கும். 20 டிகிரி செல்சியஸ் நன்னீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் ஏழரை மில்லிகிராம்தான். அதே நேரத்தில் சூடு ஏற ஏற மீனின் உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. இதற்கு மேல் பாசியின் வேலையும் இருக்கிறது. பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜனை வெளியிடும். இருட்டியதும் அவையும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதைச் செலவழிக்கும். விடிவதற்குச் சற்று முன் அளவு மிகக் கீழே போயிருக்கும். மதியம் தாண்டி மாலையை நெருங்கும்போது உச்சத்தில் நிற்கும்.

இதனால்தான் "விடியற்காலைதான் நேரம்" என்ற நம்பிக்கையை நான் கோடையில் அப்படியே ஏற்பதில்லை. பச்சையாகப் பாசி பிடித்த தண்ணீரில் முதல் வெளிச்சத்தின்போது கெண்டை வகைகள் சோர்ந்து கிடக்கும். சூரியன் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாய் திறக்கும். மாலைதான் அங்கே நல்ல நேரம்: ஆக்சிஜன் இன்னும் நிறைய, வெளிச்சம் குறைகிறது, சூடும் தணிகிறது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் விராலுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அது அதிகாலையிலேயே வேட்டையாடும்.

காற்றைப் பொறுத்தவரை என் பழக்கம் எளியது. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கேதான் முதலில் போவேன். மேல் தண்ணீரும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் அந்தப் பக்கம் ஒதுங்கும், அலை மோதி ஓரம் கொஞ்சம் கலங்கும், ஆக்சிஜனும் ஏறும். முகத்தில் காற்று அடிக்க உட்கார்வதும் எதிர்க்காற்றில் தூண்டில் வீசுவதும் சிரமம்தான். ஆனால் மீனும் அங்கேதான் இருக்கிறது.

கலங்கலை அளக்கக் கருவி வேண்டாம். கம்பின் நுனியைச் செங்குத்தாக இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பாருங்கள். ஒரு சாணுக்குள் மறைந்தால் மீன் கண்ணை நம்பாது. வாசனையுள்ள இரையைக் கரைக்குப் பக்கத்திலேயே, அடியில் வைக்கலாம். ஒரு மீட்டருக்கு மேல் தெரிந்தால் மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன தூண்டில் முள், தள்ளி வீச வேண்டும், தள்ளியே உட்காரவும் வேண்டும்.

முதல் வேலை: வற்றிக் கிடக்கும்போது போய்ப் பார்ப்பது

தூண்டில் இல்லாமல் போகும் இந்த ஒரு நடைதான் வருடம் முழுவதற்கும் முதலீடு. கோடைக் கடைசியில் ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் தரையில், நடந்தால், மழைக்குப் பிறகு தண்ணீருக்கடியில் மறையப்போவது எல்லாம் கண்முன் விரிந்து கிடக்கும்.

பழைய ஓடைத் தடத்தைத் தேடுங்கள். நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன் ஓடிய ஓடை, அரை மீட்டர், ஒரு மீட்டர் பள்ளமாக வளைந்து வளைந்து மதகு வரை போகும். தட்டையான அடியில் அந்தச் சிறு பள்ளம்தான் மீனுக்குப் பாதை. அடுத்து, கரைக்காக மண் எடுத்த குழிகள். பெரும்பாலும் கரையின் உட்புறத்தை ஒட்டியே இருக்கும். மதகுக்கு முன்னால் தோண்டிய பள்ளம், கலிங்குப் (மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) பக்கம் கொட்டிய கற்கள், முறிந்து விழுந்த மரம், கருவேலம் புதர்கள், கோரையும் சம்பும் நிற்கும் ஓரம், சேறு முடிந்து மணலோ கப்பியோ தொடங்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடத்தில் புள்ளி வைக்கலாம். அதைவிட நம்பகமானது எதிர்க்கரையில் இரண்டு பொருளை ஒரே கோட்டில் பார்த்து வைப்பது: மதகுத் தூணுக்கு நேர் பின்னால் ஒற்றைப் பனை தெரிந்தால் ஓடைத் தடம் என்பது போல. தண்ணீர் ஏறிய பிறகும் அந்தக் கோடு மாறாது.

வட்ட வட்டமாக, தட்டு போன்ற குழிகள் நிறையத் தெரிந்தால் அவை ஜிலேபிக் கெண்டையின் ஆண் மீன்கள் தோண்டிய கூடுகள். அதே ஆழம் மறுபடி அமையும்போது அதே தரையில்தான் வரும்.

இந்த நடையிலேயே இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது, குத்தகையா, சங்கமா, அரசுத் துறையா, தூண்டிலுக்கு அனுமதிச்சீட்டு வேண்டுமா, எந்த மாதங்களில் தடை என்பதெல்லாம் நீர்நிலைக்கு நீர்நிலை மாறும். குடிநீருக்கான தேக்கங்களில் அடியோடு அனுமதி இல்லாமலும் இருக்கும். மீன்குஞ்சு விட்டு வளர்ப்பவர் இருந்தால் அவரிடமே பேசிவிடுவது நல்லது. எந்த வகை, எப்போது விட்டது, எந்த அளவுக்கு வளர்ந்திருக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கருவி

இதில் அதிகம் செலவழிக்க ஒன்றுமில்லை. மூன்று நாலு மீட்டர் நீளமுள்ள ரீல் இல்லாத கம்பு ஒன்று, இரண்டரை மீட்டர் ராடும் 2500 அல்லது 3000 அளவு ரீலும் ஒரு ஜோடி. இவை போதும். ஓரத்து மீனுக்குக் கம்பு, தள்ளி நிற்பதற்கும் விராலுக்கும் ராடு. நைலான் நரம்பு சாதாரண வேலைக்கு 0.22 முதல் 0.28 மில்லிமீட்டர் வரை. தெளிந்த தண்ணீரில் 0.18. பாசிக்குள் விரால் தேடுகிறவர்கள் மட்டும் பின்னல் நரம்பைக் கட்டுங்கள், நைலான் அங்கே நீண்டு கொடுத்து மீனைப் பாசிக்குள் விட்டுவிடும்.

முள் எண்ணில் புதியவர்கள் குழம்புவார்கள். 1-லிருந்து எண் கூடக் கூட முள் சிறிதாகும்; 10-ஐவிட 6 பெரியது. 1/0, 2/0, 3/0 என்று எழுதியவை அதற்கும் மேலே, பெரிதாகிக்கொண்டே போகும். ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 10 அல்லது 12. ரோகு, மிரிகால், சாதாக் கெண்டைக்கு 6 முதல் 8. விராலுக்கு 1/0-வும் அதற்கு மேலும். முள்ளின் கூர்நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் காதைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால் மீனிலிருந்தும் கையிலிருந்தும் கழற்றுவது சுலபம். நரம்பு தொய்யாமல் இழுத்தால் அதனால் மீன் நழுவுவது அரிது.

முடிச்சு எதுவாக இருந்தாலும் இறுக்குமுன் எச்சிலாலோ தண்ணீராலோ நனையுங்கள். உலர்ந்த நைலான் உரசும் சூட்டிலேயே பலம் இழக்கும். பாலோமார் அல்லது யூனி, இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகினால் வேறு தேவையில்லை.

தக்கைதான் முக்கியம். பெரிய தக்கை போட்டு, ஈயம் போதாமல் பாதி உடம்பு வெளியே நிற்க மிதக்கவிடுவதுதான் பலரும் கொத்தலைத் தவறவிடக் காரணம். மயிலிறகுத் தண்டு மாதிரி மெல்லிய நெடுந்தக்கையைப் போட்டு, நுனி ஒரு சென்டிமீட்டர் மட்டும் தெரியும்வரை ஈயம் சேருங்கள். கடைசிச் சிறு ஈயத்தை முள்ளிலிருந்து நாலைந்து விரல் தூரத்தில் அடியில் படும்படி வையுங்கள். மிரிகாலும் கெண்டையும் இரையை உறிஞ்சித் தலை தூக்கும்போது அந்த ஈயம் தரையை விட்டு எழும். தக்கை அமிழ்வதற்குப் பதில் மேலே வந்து சாயும். அதுவும் கொத்தல்தான், இழுங்கள்.

ஆழம் பார்க்க, முள்ளில் ஒரு கனமான ஈயத்தைக் கோத்துப் போடுங்கள். தக்கை மூழ்கினால் ஆழம் கூடுதல், படுத்தால் குறைவு. நுனி மட்டும் தெரியும்வரை தக்கையை நகர்த்தினால் அதுதான் ஆழம். உட்காரும் இடத்தைச் சுற்றி அரை வட்டமாகப் பல இடங்களில் இதைச் செய்யுங்கள். ஒரு சாண் ஆழ வித்தியாசம்கூட இந்த மாதிரித் தண்ணீரில் பெரிய வித்தியாசம்.

இரையும் தீவனமும்

மண்புழுவுக்கு வாய் திறக்காத மீன் குறைவு. அதுவே அதன் குறையும்: பொடிக்கெண்டையும் குட்டிக் கெளுத்தியும் முதலில் வந்து பிய்த்துவிடும். தொந்தரவு தாங்கவில்லை என்றால் ஊறவைத்து வேகவைத்த மக்காச்சோளத்துக்கு மாறுங்கள். பொடிமீன் வாயில் அது நுழையாது. கோதுமை மாவும் தவிடும் கடலைப் புண்ணாக்குத் தூளும் சேர்த்துப் பிசைந்த உருண்டை ரோகுவுக்கும் மிரிகாலுக்கும் எப்போதும் கைகொடுக்கும். பிசையும் பதம்தான் சூட்சுமம்: வீசும்போது கழன்று போகாத அளவுக்கு இறுக்கம், தண்ணீரில் கால் மணி நேரத்தில் கரையத் தொடங்கும் அளவுக்கு இளக்கம். கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். அதற்கு அடியில் போட்டுக் காத்திருப்பது வீண். மாவை இளக்கமாகப் பிசைந்து, மேல்தண்ணீரில் ஒரு மீட்டருக்குள் தொங்கவிட்டு, மேகம் மாதிரி கரையவிட வேண்டும்.

கூட்டுவதற்காகப் போடும் தீவனத்தில் கை நடுங்க வேண்டும். பெரிய அணையில் வாளி வாளியாகக் கொட்டுவதைப் பார்த்து இங்கேயும் செய்பவர்கள் உண்டு. சிறு தேக்கத்தில் மிஞ்சிய மாவு அடியில் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். எலுமிச்சை அளவில் நாலு உருண்டை முதலில், அப்புறம் அரை மணிக்கு ஒன்று. அதுவும் கொத்தல் இருந்தால் மட்டும்.

உயிர்மீனை இரையாக வைப்பதென்றால் அதே தண்ணீரில் பிடித்ததை மட்டும் வையுங்கள். வேறு குளத்திலிருந்து கொண்டுவந்து மிஞ்சியதை இங்கே விடுவதால்தான் நோயும் வேண்டாத அந்நிய மீனும் பரவுகின்றன.

புதுத்தண்ணீர்

முதல் பெருமழையின் வரத்து வந்த அன்றே ஓடாதீர்கள். கோடை முழுக்கக் கிடந்த சாணம், சருகு, அழுக்கு எல்லாம் அடித்துக்கொண்டு வரும் அந்த முதல் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. மீன் திணறும். ஓரிரு நாள் வரத்து தொடர்ந்து, நுரையும் குப்பையும் போய், செம்மண் நிறம் மட்டும் மிஞ்சும்போது கதை மாறும்.

புதுத்தண்ணீர் வந்தால் மீனுக்கு இரண்டு வேலை: எதிர்நீச்சல் போட்டு இனம் பெருக்குவது, அடித்து வரப்பட்ட புழுவையும் பூச்சியையும் தின்பது. வரத்து வாய்க்கால் தேக்கத்தில் சேரும் இடத்தில் கலங்கல் தண்ணீரும் பழைய தண்ணீரும் சந்திக்கும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டின் ஓரத்தில், ஓட்டத்துக்குச் சற்று ஒதுங்கி, சுழல் மெதுவாக இருக்கும் பக்கம் போடுங்கள். இரை மண்புழு. வேறு யோசிக்க வேண்டாம். ஈயத்தைக் கூட்டி அடியில் நிறுத்துங்கள்.

மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு இடமும் உண்டு, அதைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். நேற்று வரை காய்ந்த தரையாக இருந்து இன்று மூழ்கிய புல்வெளி அது. முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஆனால் மண்ணிலிருந்து வெளியேறும் புழுக்களுக்காகக் கெண்டை அங்கே முதுகு தெரிய மேயும். தூரமாக வீசும் ஆசையை விட்டுவிட்டு, சத்தம் போடாமல், கம்பு நீளத்துக்குள்ளேயே பிடிக்கலாம்.

விரால் பாசிக்குள் கூடு கட்டி முட்டையிட்டு, குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் காவல் காக்கும். தண்ணீரின் மேல் செந்நிறப் புள்ளிகள் ஒரே கூட்டமாகக் கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால் அது குஞ்சுக் கூட்டம். அதன் நடுவில் ரப்பர் தவளையைப் போட்டால் பெரிய விரால் கோபத்திலேயே பாய்ந்து கவ்வும் என்பது தூண்டில்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். செய்யாதீர்கள். காவல் போனால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் சீக்கிரமே காலி செய்துவிடும். அதே மாதிரி, குறுகிய வாய்க்காலில் முட்டை வயிற்றோடு எதிரேறும் மீன்களை மறித்துப் பிடிப்பதும் நாளைய மீனை இன்றே எடுப்பதுதான்.

கட்லா, ரோகு, மிரிகால் மூன்றும் ஓடும் வெள்ளத்தில்தான் இயற்கையாக இனம் பெருக்கும், தேங்கிய தண்ணீரில் அல்ல. சிறு தேக்கத்தில் அவை இருந்தால் பெரும்பாலும் யாரோ குஞ்சு விட்டதாலோ மேலேயிருந்து வெள்ளத்தில் வந்ததாலோதான். எடுத்துவிட்டால் தானாகத் திரும்ப நிரம்பாது. எவ்வளவு எடுக்கலாம் என்று யோசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நிறைந்த தண்ணீர்

பார்க்க அழகு, பிடிக்கக் கஷ்டம். தண்ணீர் பரந்துவிட்டது, உணவு எங்கும் இருக்கிறது, மீன் சிதறிவிட்டது. இந்தப் பருவத்தில் இடம் மாறிக்கொண்டே இருப்பதைவிட, கோடையில் குறித்து வைத்த ஓடைத் தடத்தின் ஓரத்தில் ஒரே இடத்தைத் தேர்ந்து, சில நாள் தொடர்ந்து ஒரே நேரத்தில் ஒரு கை தீவனம் போட்டு மீனைப் பழக்குவது பலன் தரும். மூழ்கிய புதரின் வெளிவிளிம்பு, அல்லிப் படர்ப்பு முடியும் கோடு, காற்று அடிக்கும் கரை: இவை அடுத்த தேர்வுகள். கலிங்கு வழியும்போது அதன் அருகே மீன் சேரும். ஆனால் ஈரப்பாசி படிந்த கலிங்குக் கல்லில் நின்று தூண்டில் போடுவது உயிரோடு விளையாட்டு. இருபதடி தள்ளியே நில்லுங்கள்.

குளிர்ந்து தெளிந்த தண்ணீர்

ஆழம் குறைந்த தண்ணீர் ஒரே குளிர் இரவில் சட்டென்று ஆறிவிடும். வெயில் வந்தால் அதே வேகத்தில் சூடும் ஏறும். மீனின் பசி அந்தச் சூட்டைப் பின்தொடரும். ஆகவே இந்த மாதங்களில் காலையில் தூங்கிவிட்டு நிதானமாகப் போகலாம். முற்பகல் பதினொன்று முதல் மாலை நாலு வரைதான் நேரம். காலையில் மண் எடுத்த குழிகளில் நிற்கும் மீன், வெயில் ஏறியதும் கருஞ்சேறு படிந்த ஆழமற்ற பக்கத்துக்கு நகரும். கருமண் சீக்கிரம் சூடேறும். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஜிலேபி மந்தமாகிவிடும், அதை நம்பிப் போகாதீர்கள். சாதாக் கெண்டை அந்தக் குளிரிலும் தின்னும்.

இரையைப் பாதியாகக் குறையுங்கள், முள்ளைச் சிறிதாக்குங்கள், தீவனம் ஏறக்குறைய வேண்டாம். கொத்தல் மெலிதாக இருக்கும். தக்கை நடுங்கினால்கூட இழுத்துப் பார்க்கலாம்.

தெளிந்த தண்ணீரில் மீனுக்கு உங்களைத் தெரியும். மீன் வெளியுலகைத் தலைக்கு மேல் ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் பார்க்கிறது, தாழ்வாக இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. எனவே கரைமேல் நிற்காமல் சரிவில் இறங்கி உட்காருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் நிழல் தண்ணீரில் விழாத தூரத்தில் இருங்கள். பேச்சுச் சத்தம் பெரும்பாலும் தண்ணீருக்குள் போவதில்லை, கால் மிதிக்கும் அதிர்வு போகும். கெண்டை, கெளுத்தி வகைகளுக்குக் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கும் சிறு எலும்புத் தொடர் இருப்பதால் கேட்கும் திறன் மற்ற மீன்களைவிடக் கூடுதல். நாற்காலியைத் தரதரவென்று இழுப்பவர் பக்கத்தில் நான் உட்காருவதில்லை.

வற்றும் தண்ணீர்

மீன் எல்லாம் மிஞ்சிய பள்ளத்தில் கூடிவிடுவதால் எண்ணிக்கையில் அதிகம் கிடைப்பது இப்போதுதான். ஓடைத் தடத்தின் கடைசி ஆழம், மதகுப் பள்ளம், மீதமிருக்கும் பாசித் திட்டின் நிழல். நேரம், மாலை நாலரையிலிருந்து இருட்டும்வரை. இரை, வாசனை தூக்கலான புண்ணாக்கு உருண்டை; தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். விராலுக்கு ரப்பர் தவளையைப் பாசி விளிம்பில் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். அது கவ்வியதும் உடனே வெட்டி இழுக்காமல் ஒரு மூச்சு பொறுங்கள். தவளையை வாய்க்குள் திருப்பிக்கொள்ள அவகாசம் வேண்டும்.

ஆனால் இந்தப் பருவத்தில்தான் எப்போது கம்பைச் சுருட்டுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். விடியலில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி இல்லை, மூச்சுத் திணறல். பச்சையாக இருந்த தண்ணீர் திடீரென்று பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறினால் பாசி செத்து அழுகுகிறது என்று அர்த்தம். மேகமூட்டமும் காற்றில்லாத இறுக்கமும் ஓரிரு நாள் தொடர்ந்தால் பாசி பிடித்த குட்டையில் மொத்தமாக மீன் சாவது நடக்கக்கூடியது. இந்த அறிகுறிகளில் மீன் கொத்தாது, கொத்தினாலும் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். பொறுப்பில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டியிருந்தால் பிடித்து விடும் விளையாட்டே வேண்டாம். வேண்டிய அளவு எடுத்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். தேக்கம் அடியோடு வற்றிவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தலாம், கெண்டைகள் எப்படியும் பிழைக்காது. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து காற்றைச் சுவாசித்தபடி அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கும்.

கொத்திய பிறகு

வெட்டி இழுப்பதில் வேகம் வேண்டாம், மணிக்கட்டு அசைவு போதும். ஆழம் குறைந்த தண்ணீரில் மீன் கீழே போக இடமில்லை, அதனால் பக்கவாட்டில் பாயும். புதர்ப் பக்கம் பாய்ந்தால் கம்பை எதிர்ப்பக்கம் படுக்கைவாட்டில் சாய்த்துத் திருப்புங்கள். ரீலின் இறுக்கத்தை முன்னாலேயே, நரம்பு அறுகும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வைத்துவிடுங்கள். கரைக்கு வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் கைவலையைத் தண்ணீரில் அமிழ்த்தி மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள்.

விடப்போகும் மீனை நனைந்த கையால் மட்டும் தொடுங்கள். உலர்ந்த கையும் சுடும் மண்ணும் அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். முள்ளை விழுங்கியிருந்தால் நோண்டாமல் வாய்க்குப் பக்கத்தில் நரம்பை வெட்டிவிடுங்கள்.

கெளுத்தியைப் பிடிக்கும்போது முதுகிலும் இரு பக்கமும் உள்ள மூன்று முட்களையும், தேளியைப் பிடிக்கும்போது இரு பக்கமும் உள்ள முட்களையும் பாருங்கள். தேளியின் முள்ளில் விஷம் உண்டு, வலி உயிர் போகும். துணியால் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் கழுவிவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துக்கொள்ளுங்கள். மீன் முள் உள்ளே ஒடிந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கரையில் கவனம்

இடி சத்தம் கேட்டால் தூண்டில் முடிந்தது. ராடுகள் பலவும் கார்பன் கலந்தவை, மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வரலாம். மின்கம்பிக்கு அடியில் நீளக் கம்பை நிமிர்த்தாதீர்கள். மதகு திறந்திருக்கும்போது அதன் முன்னால் தண்ணீரில் இறங்கவே கூடாது, மேலே அமைதியாகத் தெரிந்தாலும் கீழே இழுவை இருக்கும். வற்றிய உள்வாயில் மேல்தோடு காய்ந்து உள்ளே இடுப்பளவு சேறு இருக்கும். குச்சியால் குத்திப் பார்த்துக் காலை வையுங்கள், தனியாகப் போகாதீர்கள். கோரைப் புதருக்குள் கையை விடுமுன் கம்பால் தட்டுங்கள். அறுந்த நரம்பு ஒரு துண்டுகூடக் கரையில் கிடக்கக் கூடாது, நாரையும் நீர்க்காகமும் காலில் சுற்றிக்கொண்டு சாகும்.

குறிப்பேடு

பிடித்த மீனின் எடையை எல்லாரும் எழுதுவார்கள். அதைவிடத் தேவையானவை தேதி, நேரம், நீர்மட்டம், காற்றின் திசை, கம்பு நுனி மறைந்த ஆழம், முந்தைய இரண்டு நாள் வானிலை, எந்த இடத்தில் எந்த ஆழத்தில் கொத்தியது, எங்கே கொத்தவில்லை என்பவை. வெறுங்கையோடு திரும்பிய நாளையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். நீர்மட்டத்துக்கு அளவுகோல் இல்லாவிட்டால் மதகுப் படிக்கட்டில் வெளியே தெரியும் படிகளை எண்ணிக் குறித்தால் போதும். அடுத்த வருடம் அதே எண்ணிக்கை வரும்போது, அந்தப் பக்கத்தைப் புரட்டி எந்த இடத்தில் தொடங்குவது என்று பார்த்துக்கொள்ளலாம்.